செம்பும் அதன் துணையும்

சேர்வராயன் மலையில் மஞ்சக்குட்டைப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில், இலைத்துரு நோயைத் தடுக்க மழைக்கு முன்பாக, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவை தெளிப்பவர்கள், பளபளக்கும் கத்தி ஒன்றை அதில் தோய்த்துப் பார்ப்பதுண்டு; அலகில் செம்பு நிறம் படிந்தால், மயில்துத்தத்தின் உக்கிரம் தணியவில்லை, இலை கருகிவிடும் என்று உணர்ந்து மேலும் சுண்ணாம்புநீர் வார்ப்பார்கள். பூசணத்தைக் கொல்லும் செம்பு இலையைக் கெடுக்காதிருப்பது அதனோடு சேரும் பொருளால்தான். புற்றுநோய்க்கு உலோக மருந்துகளை வகுக்க முனையும் ரசாயனிகளுக்கும் இந்த நியாயமே ஆதாரம்.

இவ்வகை மருந்துகளில் மூத்தது சிஸ்பிளாட்டின். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தயாரிக்கப்பட்ட இந்தப் பிளாட்டினச் சேர்மத்தின் மகிமை, மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் பாக்டீரியாக்களினூடே மின்சாரம் செலுத்தியபோது, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம் அவற்றைப் பிளவுபடவிடாமல் நீண்ட இழைகளாக வளரச் செய்ததை 1965-இல் அறிவித்த பிறகே வெளிப்படலாயிற்று. 1978-இல் அமெரிக்காவில் அது மருந்தாக அங்கீகாரம் பெற்றது. பிளாட்டினத்தைச் சுற்றி இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரைடு. குளோரைடு மிகுந்த இரத்தத்தில் பெரும்பாலும் விலகாமல் நிற்கும் அவ்விரண்டும், குளோரைடு குறைந்த ஜீவ அணுவின் உள்ளே புகுந்ததும் கழன்று நீருக்கு இடங்கொடுக்க, பிளாட்டினம் டி.என்.ஏ.வின் குவானினைப் பற்றி இழையையே வளைத்துவிடுகிறது. ஆயினும் அம்மருந்து சிறுநீரகத்தையும் செவிப்புலனையும் வதைப்பதால், வேறு உலோகங்களை நாட வேண்டியதாயிற்று.

திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பழனியாண்டவரும் அவருடைய சகாக்களும் செம்பை எடுத்துக்கொண்டார்கள். 2007-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வொன்று என் மனத்தை மிகவும் கவர்ந்தது: செம்பையும் அதைத் தாங்கும் பீனோலேட்டு ஈனியையும் (உலோகத்தைப் பற்றி நிற்கும் மூலக்கூறே ஈனி) அப்படியே வைத்துக்கொண்டு, உடன் சேரும் தட்டையான ஈனியை மட்டும், பைபிரிடின், பினாந்த்ரோலின், மெத்தில் தொகுதிகள் ஏறிய பினாந்த்ரோலின் என்று ஒவ்வொன்றாக மாற்றி, டி.என்.ஏ.வைப் பிணைப்பதிலும் துண்டிப்பதிலும் கருப்பைவாய்ப் புற்றணுக்களைக் கொல்வதிலும் நேரும் வித்தியாசங்களை அளந்தார்கள். மற்றவை யாவும் நிலையாக நிற்க ஒன்றை மட்டும் மாற்றிக் கேட்ட கேள்வியாதலால், கிடைத்த விடையை நம்பி அடுத்த மூலக்கூறை வகுக்க முடிகிறது.

கண்ணாடித் தட்டில் மடியும் புற்றணு வேறு, மனித தேகம் வேறு. செம்பு நமக்கு அந்நியமான உலோகமன்று என்பது அனுகூலந்தான். ஆனால் இரத்தத்திலுள்ள ஆல்புமின் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளவும், அணுவினுள் இருக்கும் குளூட்டதயோன் அதன் நிலையை மாற்றவும் வல்லவை. இதே செம்புச் சேர்ம இனத்தைச் சேர்ந்த, மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவான காசியோபீனாக்கள் மனிதரிடம் முதற்கட்டப் பரிசோதனைவரை சென்றிருக்கின்றன. அக்கட்டத்தில் முதன்மையாகப் பார்க்கப்படுவது, எந்த அளவுவரை தேகம் தாங்கும் என்பதே.