குத்தகைக் கணக்கில் லயத்துக்கு இடம் உண்டா?

மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணிக்குப் போகும் பஸ், சீசன் இல்லாத நாட்களில் பாதி காலியாகத்தான் ஓடும். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலைக்கு ஏற வருபவர்களால் நிரம்பி வழியும் இந்த ஊரை, மற்ற மாதங்களில் மழையும் தேயிலையும் எடுத்துக்கொள்கின்றன. அப்படியொரு நாளில், தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் தன் பொலித்தீன் பையைத் திறந்து காட்டினார். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிக் கடதாசிகள், பிள்ளைகளின் பாடசாலைப் பத்திரங்கள் எல்லாம் அதில் இருந்தன.

“எல்லாத்துக்கும் கடதாசி இருக்கு தம்பி. இந்த வீட்டுக்கு மட்டும் ஒன்னுமில்ல. கவர்மெண்டு கம்பனிக்கு குத்தகைக்கு குடுத்த கணக்குல எங்க லயத்த என்னான்னு எழுதியிருப்பாங்க?”

காணிப் பதிவுகள் கணினிக்கு மாறிவரும் காலத்தில், இந்தக் கேள்வி அந்த அம்மாவுக்கு மட்டும் உரியதல்ல. கணினி எதை நினைவில் வைத்திருக்கும், எதை மறந்துவிடும் என்பது அதன் வடிவமைப்பிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

குத்தகை என்பது ஒரு கடதாசி அல்ல

குத்தகைகளை மிக நுணுக்கமாக நிர்வகிக்க வேண்டிய தொழில்களில் ஒன்று எண்ணெய், எரிவாயுத் தொழில். அமெரிக்காவில் நிலத்துக்கு அடியிலுள்ள எண்ணெய் தனியாருக்கும் சொந்தமாக இருக்கலாம். அதனால் ஒரு கம்பனியின் கையில் ஆயிரக்கணக்கான சிறு குத்தகைகள் இருக்கும். குறித்த காலத்துக்குள் எண்ணெய் எடுக்காவிட்டால், அல்லது கட்டவேண்டிய பணத்தை நாள் தவறிக் கட்டினால், குத்தகையே காலாவதியாகிவிடக்கூடும். உரிமையாளர் இறந்தால் அவரது பங்கு பிள்ளைகளுக்குப் பிரியும். அவர்களுக்குப் பின் பேரப்பிள்ளைகளுக்குப் பிரியும்.

இதையெல்லாம் ஒரே பட்டியலில் எழுதினால் சில வருடங்களில் குழம்பிவிடும். எனவேதான் இத்தகைய மென்பொருளைத் தனித்தனிக் கூறுகளாக அமைக்கிறார்கள். நிலமும் அதன் எல்லைகளும் ஒரு கூறு. உடன்படிக்கை இன்னொன்று. தரப்பினர், கொடுப்பனவு, தவணை நாட்கள், ஆவணங்கள் ஆகியவை மற்றக் கூறுகள். ஒவ்வொன்றும் தன் வேலையை மட்டும் பார்க்கும். ஒரு பொது இலக்கத்தால் மற்றவற்றோடு இணைந்திருக்கும். ‘மொடியூலர்’ வடிவமைப்பு என்று சொல்வது இதைத்தான்.

தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. செக்ரோல் வேறு, கொழுந்து நிறைக் கணக்கு வேறு, பிறப்பு இறப்புப் பதிவு வேறு. நாட்சம்பளம் கூடினால் பிறப்புப் பதிவைக் கிழித்து எழுதத் தேவையில்லை. ஆனால் ஓர் ஆளின் பெயரோ இலக்கமோ எல்லாப் புத்தகத்திலும் ஒன்றாக இருக்கவேண்டும்.

500 ரூபாவும் 53 வருடங்களும்

மலையகத்தின் குத்தகைக் கதையை இந்தக் கூறுகளில் வைத்துப் பார்த்தால் தெளிவாகப் புரியும். 1972 காணிச் சீர்திருத்தச் சட்டமும் அதன் 1975 திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கின. பின்னர் அவை மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையின் கீழும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் கீழும் இருந்தன. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் உருவாக்கப்பட்டு, தோட்டங்கள் அவற்றின் கைக்கு மாறின. அந்த வருடத்திலிருந்து கணக்கிடப்படும் 53 வருடக் குத்தகைகள் 2045இல் முடிவடைகின்றன.

ஆரம்பத்தில் ஒரு தோட்டத்துக்கு வருடக் குத்தகைப் பணம் பெயரளவில் 500 ரூபாதான். 1996இல் அது பெருமளவு உயர்த்தப்பட்டது. வருடந்தோறும் பணவீக்கத்துக்கு ஏற்பக் கூடும் முறையும் வந்தது. கூறுகளாக அமைந்த மென்பொருளில் இப்படியொரு மாற்றத்துக்குக் கொடுப்பனவுக் கூறை மட்டும் திருத்தினால் போதும். நில எல்லையையோ உடன்படிக்கையின் காலத்தையோ தொடவேண்டியதில்லை.

ஆள் போனாலும் நிலம் இருக்கும்

மன்னார்க் கடல் இதற்கு இன்னோர் உதாரணம். 2003ஆம் ஆண்டின் பெற்றோலிய வளங்கள் சட்டத்தின் கீழ் அங்கே எண்ணெய் தேடுவதற்கு 2007இல் ஏலம் நடந்தது. ஒரு பகுதிக்கான ஒப்பந்தத்தை 2008இல் கெய்ர்ன் கம்பனி பெற்றது. போர் முடிந்த பின் 2011இல் தோண்டிய டொராடோ, பரகூடா என்ற கிணறுகளில் எரிவாயு இருப்பது தெரியவந்தது. ஆனாலும் உற்பத்தி தொடங்காமலே 2015இல் கம்பனி விலகியது.

தரப்பு போய்விட்டது, ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஆனால் கடற்பகுதி அங்கேயே இருக்கிறது. கிணறுகளின் அமைவிடமும் ஆய்வுத் தரவுகளும் அடுத்து வரும் கம்பனிக்குத் தேவை. நிலத்தையும் தரப்பினரையும் ஒன்றாகக் கட்டி வைத்த பதிவேட்டில், ஆள் போகும்போது தகவலும் அவரோடு போய்விடும். பிரித்து வைத்தால் மிஞ்சும்.

இதே கண்ணால் நல்லதண்ணியைப் பாருங்கள். வெள்ளைக்காரக் கம்பனிகள் போயின. அரசு வந்தது. பின்னர் புதிய கம்பனிகள் வந்தன. மூன்று காலத்திலும் லயத்தில் இருந்தது ஒரே குடும்பங்கள்தான். ஆனால் அரச நிறுவனத்துக்கும் கம்பனிக்கும் இடையில் எழுதப்படும் குத்தகையில் அவர்கள் ஒரு தரப்பு அல்ல. உடன்படிக்கையில் இருப்பதை மட்டும் அப்படியே கணினியில் ஏற்றினால், நில அளவு பதிவாகும், பணம் பதிவாகும், முடிவு நாள் பதிவாகும். அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பதற்கு ஒரு கட்டம்கூட இருக்காது.

இதன் விளைவை வீட்டுத் திட்டங்களில் கண்டோம். இந்தியாவின் உதவியோடு கட்டத் தொடங்கிய 50,000 வீடுகளில் 46,000 வடக்குக் கிழக்குக்கும் 4,000 மலையகத்துக்கும் ஒதுக்கப்பட்டன. மலையகத்தில் அத்திவாரம் வெட்டுவதற்கு முன், 7 பேர்ச்சஸ் காணியைக் கம்பனியின் குத்தகையிலிருந்து விடுவிக்க வேண்டும். அந்த 7 பேர்ச்சஸ் ஏறத்தாழ 1,900 சதுர அடி. ஓர் ஏக்கரில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை விடுவிக்கும்போது நில அளவுப் படம், குத்தகையின் பரப்பளவு, புதிய உரிமையாளரின் பெயர் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தி மாறவேண்டும். வீட்டைக் கட்டிவிட்டு உறுதிக்கு வருடக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு இந்த இணைப்பின் அருமை தெரியும்.

வடக்குக்கும் இதே பாடம்

2025 மார்ச்சில் வடக்கில் 5,900 ஏக்கருக்கும் மேற்பட்ட காணி குறித்து வெளியான வர்த்தமானி அறிவித்தலை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உரிமை கோருவதற்கு மூன்று மாதம் தரப்பட்டது. இடம்பெயர்ந்தபோது உறுதியைத் தொலைத்தவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் அந்த மூன்று மாதத்துக்குள் என்ன செய்யமுடியும் என்ற கேள்வி எழுந்தது. விடயம் உயர் நீதிமன்றம்வரை போனது. எண்ணெய்க் கம்பனிக்குத் தவணை நாளை நினைவூட்ட மென்பொருள் இருக்கிறது. காணியின் சொந்தக்காரருக்கு அப்படியொன்று இல்லை.

ஆகவே காணிப் பதிவு கணினிமயமாகிறது என்ற செய்தி வரும்போது, விரைவாக வேலை நடக்குமா என்று மட்டும் கேட்டால் போதாது. குடியிருப்போருக்கென்று ஒரு கூறு இருக்கிறதா? உறுதி இல்லாதவர் வாக்காளர் பதிவு, பிறப்புப் பதிவு, தோட்டப் பதிவு ஆகியவற்றை அதில் இணைக்கலாமா? தவணை நாள் அறிவித்தல் குடும்பத்துக்கும் தமிழில் போய்ச் சேருமா? கூறுகளாக அமைந்த மென்பொருளில் புதிய கூறு ஒன்றைப் பின்னரும் சேர்க்கலாம். அதனால் “இதற்கு வசதி இல்லை” என்ற பதில் தொழில்நுட்பக் காரணமாக இருக்கமுடியாது. அது ஒரு தீர்மானம். தீர்மானம் என்றால் அதை மாற்றும்படி கேட்கலாம்.

2045க்கு இன்னும் காலம் இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் அடுத்த குத்தகையைப் பற்றிய பேச்சு தொடங்கும்போது மேசையில் இருக்கப்போவது அன்றைய பதிவேடுதான். நல்லதண்ணி அம்மா தன் கடதாசிகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் பைக்குள் வைத்து முடிச்சுப் போட்டார். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை மகள் வீட்டில் வைக்கச் சொன்னேன். “எடுத்து வச்சாச்சு தம்பி, மண்சரிவு வருமேன்னு” என்றார்.