சக்கரத்தின் நடுவே ஒரு பல்வரிசை

மிதிப்பதை நிறுத்திய பின்னும் சைக்கிள் ஓடுவது எப்படி என்று நாம் சிந்தித்ததுண்டா? பின்சக்கரத்தின் ஹப்புக்குள் மறைந்திருக்கும் பற்களே அதற்குக் காரணம்.

மலைப்பாதைச் சைக்கிள்களில் பயன்படும், சுவிட்சர்லாந்தின் டி.டி. சுவிஸ் நிறுவனத்தாரின் 'ஸ்டார் ராட்செட்' ஹப்பைப் பார்ப்போம். அதில் பல் வைத்த இரண்டு எஃகு வளையங்கள் எதிரெதிரே உள்ளன. அவற்றை இரு சுருள்விற்கள் நெருக்கிப் பிடிக்கின்றன. நாம் மிதிக்கும்போது பற்கள் கவ்விக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றுகின்றன. நிறுத்தினால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, 'கிர்ர்' என ஒலிக்கின்றன. வளையத்தில் 18 பற்கள் இருந்தால் 20 பாகைக்குள்ளும், 36 இருந்தால் 10 பாகைக்குள்ளும் பிடிப்பு கிடைக்கும்.

இதை வீட்டிலேயே சுத்தம் செய்யலாம். முதலில் கீழே ஒரு துணியை விரிப்போம். சக்கரத்தைக் கழற்றி, பின்பக்கப் பல்சக்கரத் தொகுதியைக் கையால் நேராக இழுத்தால் அது வந்துவிடும். வளையங்களையும் விற்களையும் எடுத்த வரிசையிலேயே வைப்போம். பழைய கிரீஸையும் மண்ணையும் துணியால் துடைப்போம். பற்கள் தேய்ந்திருந்தால் இரு வளையங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பின்பு இதற்கென உள்ள கிரீஸை மெல்லியதாகப் பூசி, முன்போலவே பொருத்துவோம்.

கிரீஸ் அதிகமானால் நல்லதுதானே என்று எண்ணலாகாது! வளையங்கள் ஒட்டிக்கொண்டு, பற்கள் முழுமையாகக் கவ்வா. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது பிடி நழுவினால், ஓட்டுபவர் விழுந்து காயமடைவார். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சன்றோ! கண்ணுக்குத் தெரியாத பற்களையும் அளவறிந்து பேணுவோம், விபத்தைத் தவிர்ப்போம்.