வேலை போன குள்ளரும் காவல் விடாத முனியும்

மலேசியாவின் பிரிஞ்சாங்கில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி மேலே ஏறினால் பாசிக்காடு. 2,000 மீட்டருக்கும் உயரமான மலை. தண்டு, வேர், கிளை எல்லாவற்றையும் பாசி போர்த்தியிருக்கும். நண்பகலிலும் மூடுபனி கலையாத நாளுண்டு. இப்படிப்பட்ட காடுகளில்தான் 'ஓராங் பூனியான்' குடியிருப்பதாக மலாய்க்காரர்கள் சொல்வார்கள். சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. ஊர், குடும்பம், கல்யாணம் எல்லாம் அவர்களுக்கும் உண்டாம். காட்டுக்குள் போனவர் திரும்பாவிட்டால், பூனியான் கூட்டிப்போய்விட்டது என்பார்கள்.

1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டுக்கு உலகச் சந்தை பிடித்துக் கொடுத்த அமெரிக்கர் ஜிம் தாம்சன், இதே மலைப்பகுதியில் விடுமுறைக்குத் தங்கியிருந்த மூன்லைட் பங்களாவிலிருந்து பிற்பகலில் வெளியே போனார். திரும்பவில்லை. போலீஸ், ராணுவம், தடம் பார்க்கப் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லிகள் என்று ஒரு படையே காட்டைச் சலித்தது. மலாய் மந்திரவாதிகளான போமோக்களும் வந்தார்கள், காட்டு ஆவிகளின் வேலை என்றார்கள். டச்சு ஞானதிருஷ்டிக்காரர் பீட்டர் ஹர்கோஸோ, அவரைக் கம்போடியாவுக்குக் கடத்திவிட்டதாகச் சொன்னார். இரண்டில் எனக்குப் போமோக்கள் சொன்னதே தேவலை. எல்லை தாண்டும் சிரமமாவது இல்லை. தேடியவர்களுக்கு ஒரு தடயமும் சிக்கவில்லை.

ஐரோப்பியக் கதைகளில் வரும் நோம், பூனியானைப் போலன்றி, வேறு ரகம். மண்ணுக்குள் தடையின்றி நடமாடும் குள்ளர்களுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தவர் 16-ஆம் நூற்றாண்டு மருத்துவர் பாராசெல்சஸ். பூமிக்கடியில் இருக்கும் புதையலைக் காப்பது அவர்கள் பாடு என்று கதைகள் வளர்ந்தன. 1847-இல் சார்லஸ் ஐஷாம் என்ற பிரபு, ஜெர்மனியிலிருந்து சுடுமண் குள்ளர்களை வரவழைத்து, இங்கிலாந்தில் தமது லாம்போர்ட் ஹால் பாறைத் தோட்டத்தில் நிறுத்தினார். காவல்காரர் அலங்காரப் பொம்மையானது இப்படித்தான்.

நம் பக்கத்துக் காவலர்களுக்கோ வேலை போகவில்லை. குபேரனின் செல்வத்தைக் காக்கும் சங்கநிதியும் பதுமநிதியும் அனுராதபுரத்தில் குள்ள உருவத்தில் இன்னும் வாசல் காக்கிறார்கள். கங்காணியோடு கப்பலேறி மலாயா வந்த நம்மவர்கள் முனியாண்டியையும் விட்டுவிட்டு வரவில்லை. தோட்டத்து எல்லையில், மரத்தடியில், ஒரு சூலம் போதும் அவருக்கு. முனி குள்ளரல்ல, மீசை முறுக்கிய ஆஜானுபாகு. ஆனால் வேலை அதே காவல்தான். சுருட்டும் சாராயமும் கூலி.

உருவ அளவில் நோமுக்குக் கிட்டத்தில் வருபவர் சீனர்கள் கும்பிடும் டத்தோ கோங். மலேசியா முழுக்கச் சாலையோரத்தில் சிவப்புப் பூசிய சின்ன வீடு, உள்ளே சொங்கோக் தொப்பியோடு ஒரு மலாய்ப் பெரியவர். அந்த மண்ணுக்கு அவர்தான் பொறுப்பு. வெற்றிலை, புகையிலை, பழம் எல்லாம் படைப்பார்கள். பன்றி இறைச்சி மட்டும் பக்கத்தில் வரக்கூடாது, டத்தோ முஸ்லிமாயிற்றே.