கர்ப்பவதிக்குப் பூச்சி மாத்திரை: பிள்ளைக்குக் கரப்பான் வருமா?



கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும் தாய்மாருக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கும்போது, "இது வயிற்றுப் பிள்ளைக்கு ஆகுமா? பிறந்தபின் கரப்பான் வராதா?" என்று சிலர் கேட்பதுண்டு. வீண் பயம் என்று இதை நாம் தள்ளிவிட முடியாது. ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு இதே கேள்வியில்தான் வந்து நின்றது.

முதலில் புழுவைப் பற்றிச் சிறிது. கொக்கிப்புழு ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. பிறகு சிறுகுடலைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது சில துளிகளுக்கு மேல் இராது. ஆனால் நூற்றுக்கணக்கில் பெருகினால் தாய் வெளுத்துச் சோர்ந்துபோகிறாள். பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டால், ஏற்கெனவே சோகை பிடித்த உடம்பு அதைத் தாங்காது.

இப்புழு நம் உடலில் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கக்கூடியது. அதற்கு உடலின் எதிர்ப்புச் சக்தியை அது அடக்கி வைத்தாக வேண்டும். ஒவ்வாமையில் பொங்கி எழுவதும் ஏறக்குறைய அதே எதிர்ப்புச் சக்திதான். இஷிசாகா தம்பதியர் 1966-ல் கண்டறிந்த ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்புப் பொருள் புழுத் தொல்லையிலும் கூடுகிறது, ஆஸ்துமாவிலும் கரப்பானிலும் கூடுகிறது. தாயின் உடலில் புழு உண்டாக்கும் அந்த அடக்கம் கருவிலிருக்கும் பிள்ளைக்கும் எட்டுமோ என்ற ஐயம் இதிலிருந்தே பிறந்தது.

தொற்றுக்கும் ஒவ்வாமைக்கும் முடிச்சுப் போட்ட எண்ணம் அதற்கு முன்பே பரவியிருந்தது. 1958 மார்ச்சில் பிரிட்டனில் பிறந்த 17,414 பேரின் விவரங்களை டேவிட் ஸ்ட்ராக்கன் என்ற மருத்துவர் ஆராய்ந்து 1989-ல் வெளியிட்டார். அண்ணன் அக்காள் அதிகமுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு, மகரந்தத்தால் வரும் தும்மலும் மூக்கொழுகலும் குறைவாக இருந்தன. சிறுவயதில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் கிருமிகளே காரணமாக இருக்கலாம் என்று அவர் எண்ணினார்.

இனி உகாண்டாவுக்கு வருவோம். விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள எண்டெபியில் 2003 முதல் 2005 வரை 2,507 கர்ப்பவதிகள் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பகுதியினருக்கு அல்பெண்டசோல். மற்றவர்களுக்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரை. நத்தைகளால் பரவும் பில்ஹார்சியா புழுவுக்கான பிராசிகுவாண்டெலும் இதே முறையில் சோதிக்கப்பட்டது. யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. தாய்க்குப் புழு நீங்கினால் பிள்ளைக்குத் தடுப்பூசி நன்றாகப் பலிக்குமா என்பதே அவர்கள் முக்கியமாகத் தேடியது. அதில் பலன் தெரியவில்லை. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. அல்பெண்டசோல் உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 1.8 மடங்காக இருந்தது. பில்ஹார்சியா இருந்து பிராசிகுவாண்டெல் பெற்ற தாய்மாரின் குழந்தைகளிடமும் அதிகரிப்பு காணப்பட்டது. இது 2011-ல் வெளியாயிற்று.

அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமா? கூடாது என்பதே எங்கள் எண்ணம். அப்பிள்ளைகளை ஒன்பது வயதில் மறுபடி பார்த்தபோது, மருந்தினால் ஒவ்வாமை நோய்கள் கூடியதாகத் தெளிவாகத் தெரியவில்லை. கைக்குழந்தையின் அரிப்பு தாய்க்கும் பிள்ளைக்கும் தூக்கத்தைக் கெடுக்கும், உண்மைதான். ஆனால் பராமரித்தால் அடங்கக்கூடியது. தாயின் சோகையோ உயிரோடு விளையாடுவது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். எண்டெபியில் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது, தாயின் சோகையிலோ பிள்ளையின் பிறப்பு எடையிலோ மாத்திரையால் பெரிய வித்தியாசம் ஏற்படவில்லை. கொக்கிப்புழு மிகுந்திருந்த தாய்மாரிடம்தான் சோகை குறைந்ததற்கு அடையாளம் இருந்தது. ஆகவே புழு இல்லாத ஊரில் எல்லாருக்கும் அள்ளிக் கொடுப்பதில் பொருளில்லை. உலக சுகாதார நிறுவனமும் ஓர் எல்லை வகுத்திருக்கிறது: கர்ப்பவதிகளில் 20 சதவீதத்துக்குக் குறையாமல் கொக்கிப்புழு அல்லது சாட்டைப்புழுவும், 40 சதவீதத்துக்குக் குறையாமல் சோகையும் உள்ள இடங்களில், முதல் மூன்று மாதம் கழிந்தபின் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே தடவை. இந்தியாவில் 2018-ல் தொடங்கிய இரத்தசோகை ஒழிப்புத் திட்டமும் இரண்டாம் மூன்று மாதத்தில் இதே அளவைக் கொடுக்கச் சொல்கிறது.

எல்லாத் தொற்றும் ஒரே வழியில் இழுப்பதில்லை என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். கருவைச் சூழ்ந்த சவ்வுகளில் கிருமி தொற்றி, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடம் ஆஸ்துமா அதிகம் என்று தெற்குக் கலிபோர்னியாவில் 2010-ல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே "தொற்று நல்லது" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். கர்ப்பவதிக்குக் காய்ச்சலோ நீர்க்கடுப்போ கண்டால் உடனே வைத்தியம் பார்க்கவேண்டும்.

தாய் அல்லது தந்தைக்கு ஆஸ்துமா, கரப்பான், அடுக்குத் தும்மல் உண்டானால் முதல் பரிசோதனையிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிள்ளையின் கன்னத்திலோ முழங்கை மடிப்பிலோ தோல் சிவந்து சொரசொரப்பானால், வாசனை சோப்பை விட்டுவிட்டு, குளித்த ஈரம் காயுமுன் வாசனையற்ற களிம்பு தடவி, மருத்துவரிடம் காட்டவேண்டும். தாய் தோட்டத்துக்கும் வயலுக்கும் போகும்போது காலில் செருப்பு இருக்கட்டும்.