உஷார்! எழுபத்து மூன்றாவது மணி நேரம்

வெள்ளிக்கிழமை காலை பத்தே கால். எங்கம்மாவின் மூக்கில் குச்சியை விட்டு சாம்பிள் எடுத்த நேரம் அது. கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

2021 ஆகஸ்ட். பாலக்காட்டில் சித்தி மகள் கல்யாணம். கோயம்புத்தூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். நல்ல நாளில் காபி குடித்துவிட்டுக் கிளம்பினால் டிபனுக்குப் போய்விடலாம். ஆனால் ஆகஸ்ட் 5 முதல் தமிழ்நாட்டு உத்தரவு ஒன்று அமலுக்கு வந்திருந்தது. கேரளாவிலிருந்து வருகிறவர்கள் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் நெகட்டிவ் ரிப்போர்ட் காட்ட வேண்டும். இல்லையென்றால் இரண்டு டோஸும் போட்டு 14 நாள் ஆகியிருக்க வேண்டும். எனக்கு இரண்டும் முடிந்திருந்தது. அம்மா ஊசிக்குப் பயந்து பயந்து ஜூன் நடுவில்தான் முதல் டோஸ் போட்டாள். கோவிஷீல்டுக்கு அப்போது 84 நாள் இடைவெளி. ஆகவே டெஸ்ட். போகவும் வரவும் ஒரே ரிப்போர்ட் போதும் என்று கெட்டிக்காரத்தனமாகக் கணக்குப் போட்டது நான்தான்.

ரிப்போர்ட் சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. ஞாயிறு முகூர்த்தம். திங்கள் காலை சாவகாசமாக இட்லி சாப்பிட்டு, சீர்த் தட்டெல்லாம் டிக்கியில் ஏற்றி, வாளையார் தாண்டி நம் பக்கத்துச் சோதனைச்சாவடிக்கு வந்தபோது மணி பதினொன்று இருபது. சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து எண்ணினால் ஒன்றரை நாள்தானே ஆகிறது என்ற தெம்பில் பேப்பரை நீட்டினேன்.

அந்த சுகாதாரத்துறைப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பேப்பரின் மேல் பாதியைப் பார்க்கவே இல்லை. நேராகக் கீழே ஒரு வரிக்குப் போனார்.

“அம்மா, சாம்பிள் குடுத்தது வெள்ளிக்கிழமை பத்தே காலுக்குங்க. எழுபத்திரண்டு மணி நேரம் இன்னிக்குப் பத்தே காலோட முடிஞ்சு போச்சுங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்தது: “வயசு முப்பத்தாறுன்னு போட்டிருக்கு. ஆதார்ல அறுபத்து மூணு இருக்குதுங்க.” லேபில் டைப் அடித்தவர் எண்ணைத் திருப்பிப் போட்டிருக்கிறார். அம்மா மாஸ்க்குக்குள்ளேயே சிரித்தாள். “முப்பத்தாறுன்னு இருந்தா நல்லாத்தானே இருக்குது கண்ணு.” அந்தப் பெண்ணும் சிரித்தார். ஆனால் விடவில்லை. ஷாமியானாவுக்குக் கீழே உட்கார வைத்து, மறுபடி குச்சி, மறுபடி முகவரி, போன் நம்பர். இரண்டு மணி நேரம் கழித்து, ரிசல்ட் வரும்வரை வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். தப்பு முழுக்க எங்களுடையது.

பழைய கதைதானே, இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். வாளையார் மூடிவிடவில்லை, அதனால்தான். 2018ல் கோழிக்கோட்டில் நிபா வந்தது. 2023ல் மறுபடியும் அங்கேயே. 2024 ஜூலையில் மலப்புறத்தில் 14 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். 2025 ஜூலையில் மலப்புறம், பாலக்காடு இரண்டிலும் நோயாளிகள். செய்தி வந்த மறுநாளே எல்லைச் சாவடிகளில் தெர்மல் ஸ்கேனரோடு ஆட்கள் நிற்பார்கள். அன்றைக்குக் காரில் காய்ச்சலோடு ஒரு குழந்தை இருந்தால் உங்கள் பயணத் திட்டம் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுக் கிளம்புங்கள். பாராசிட்டமால் கொடுத்து நெற்றிச் சூட்டை இறக்கி ஸ்கேனரைத் தாண்டிவிடலாம் என்று யோசனை சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம். நிபா கோவிட் மாதிரி வேகமாகப் பரவாது. ஆனால் வந்தவர்களில் பாதிக்கு மேல் பிழைப்பதில்லை. மறைத்துத் தாண்டிய குழந்தையை அடுத்த நாள் எந்த டாக்டர் பார்த்தாலும், எங்கிருந்து வந்தது என்பதே தெரியாமல் பார்ப்பார்.

எல்லையில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் பேப்பர் இல்லாதவர்கள் அல்ல. பேப்பர் வைத்திருந்தவர்களும் உண்டு. அங்கே எந்தக் கணக்கில் எண்ணுகிறார்கள் என்று கேட்காமல் கிளம்பியவர்கள்.

அதே 2021 ஆகஸ்டில், இரண்டு டோஸ் போட்ட ஒரு காசர்கோட்டுக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தெற்கே வந்து வாளையார் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தால் தடுப்பூசிச் சான்றிதழ் போதும். வடக்கே ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள மங்களூருக்குப் போக தலப்பாடி சாவடிக்குப் போனால் போதாது; தடுப்பூசி போட்டிருந்தாலும் 72 மணி நேர ஆர்டி-பிசிஆர் வேண்டும் என்பது கர்நாடகத்தின் உத்தரவு. ஒரே மனிதர், ஒரே சான்றிதழ், ஒரே நாடு. அந்தத் தலப்பாடியில்தான் 2020 மார்ச்சில் கர்நாடகம் ரோட்டில் மண்ணைக் கொட்டி மறித்தது. ஆஸ்பத்திரிக்கு மங்களூரையே நம்பியிருந்த காசர்கோட்டு நோயாளிகள் வழியிலேயே இறந்தார்கள். கேரள உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

கடல் தாண்டினால் கணக்கு இன்னும் சிக்கல். 2021 அக்டோபர் 4 முதல் பிரிட்டன் தடுப்பூசி போட்டவர்களுக்கு விதியைத் தளர்த்தியது. கோவிஷீல்டு அவர்களுடைய ஆஸ்ட்ராஜெனகாதான், புனேயில் தயாரானது. ஊசியை ஏற்றுக்கொண்டார்கள், நம் சான்றிதழை ஏற்கவில்லை! இரண்டு டோஸ் போட்டவரும் போடாதவர் கணக்கில் பத்து நாள் தனிமையில் இருக்க வேண்டும். இந்தியா பதிலுக்கு பிரிட்டிஷ்காரர்களுக்கு அதே பத்து நாளை விதித்த பிறகு, 11ஆம் தேதி அங்கே விலக்கு வந்தது. அந்தக் களேபரத்தின் நடுவே, வெளிநாடு போகிறவர்களுக்காக கோவின் சான்றிதழில் முழுப் பிறந்த தேதியைச் சேர்த்தார்கள். அதுவரை வயதைத்தான் பார்க்க முடிந்தது. 11ஆம் தேதிக்கு முந்திப் போனவர்கள் அறைக்குள், பிந்திப் போனவர்கள் தெருவில்.

கோவாக்சின் போட்டவர்கள் பாடு வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் அவசர ஒப்புதல் 2021 நவம்பர் 3 அன்றுதான் வந்தது. தடுப்பூசி போட்டவர்களுக்கு அமெரிக்கா கதவைத் திறந்தது நவம்பர் 8. நடுவில் ஐந்தே நாள். பேரனைப் பார்க்கப் போக வேண்டிய எத்தனை தாத்தா பாட்டிகள் அந்த ஐந்து நாளுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்!

துபாய்க்குப் போனவர்களுக்கு அப்போது இரட்டைத் தேர்வு. 48 மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர் ஒன்று. விமான நிலையத்திலேயே, புறப்படும் முன் சில மணி நேரத்துக்குள் ரேபிட் பிசிஆர் இன்னொன்று. முதலாவதில் நெகட்டிவ் வந்து, பெட்டியெல்லாம் கட்டி, வீட்டில் எல்லோரும் அழுது முடித்து வழியனுப்பிய பிறகு இரண்டாவதில் பாசிட்டிவ் வந்தால்? டிக்கெட் போச்சு. விசா தேதியும் போகலாம். இதில் இன்னொரு கொடுமை, நோய் வந்து குணமானவர் உடம்பில் வைரஸின் மிச்சம் மீதி வாரக்கணக்கில் இருக்கும். யாருக்கும் பரப்ப மாட்டார், ஆனால் பிசிஆர் அதையும் காட்டிக்கொடுத்துவிடும். குணமானதற்கான டாக்டர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல், போன மாதமே சரியாகிவிட்டது சார் என்று வாயால் சொன்னால் எந்த கவுன்டரிலும் எடுபடவில்லை.

ஜொகூர்–சிங்கப்பூர் பாலத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது. நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் ராத்திரி வீட்டுக்குத் திரும்பும் கூட்டம், அதில் நம் ஆட்களும் ஏராளம். 2020 மார்ச் 16 ராத்திரி அறிவிப்பு, 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு. நடுவில் இருந்த ஒரு நாளில், இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முடிவெடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குத்தானே என்று மாற்றுத்துணி இரண்டோடு சிங்கப்பூர்ப் பக்கம் தங்கியவர்கள் உண்டு. தடுப்பூசி போட்ட எல்லோருக்கும் பாலம் தாராளமாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1. எல்லை மூடப்போகிறது என்ற பேச்சு கிளம்பினால், முதலில் எந்தப் பக்கம் உங்கள் மருந்து இருக்கிறது, எந்தப் பக்கம் பிள்ளை இருக்கிறது என்று பாருங்கள். சம்பளத்தை அப்புறம் பார்க்கலாம்.

சிங்கப்பூரில் அப்போது மாஸ்க் போடாமல் வெளியே வந்தால் முதல் தடவை 300 வெள்ளி அபராதம். வெளிநாட்டுக்காரருக்கு அபராதத்தோடு முடிந்துவிடவில்லை. 2020 மே மாதம் ஒரு வாடகை வீட்டில் விதியை மீறிக் கூடியதற்காக இந்தியர்கள் பத்துப் பேரின் தங்கும் பாஸை ரத்து செய்து, திருப்பி அனுப்பி, மறுபடி வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நம்மூரில் 200 ரூபாயாக இருந்து 2022 ஜனவரியில் 500 ஆன அபராதத்தை வைத்து உலகத்தை எடை போடாதீர்கள்.

மாஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் ஆளுக்கு ஆள் டாக்டர்.

அந்த ஷாமியானாவுக்குக் கீழே இரண்டு மணி நேரம் வேடிக்கை பார்த்ததில் ஒன்று புரிந்தது. காருக்குள் தனியாக இருக்கும்போது எல்லோரும் ஒழுங்காக மூக்கு மறைய மாஸ்க் போட்டிருக்கிறார்கள். இறங்கி, கூட்டத்தில் நின்று, அதிகாரியிடம் பேசப் போனதும் மாஸ்க் தாடைக்கு வந்துவிடுகிறது. “கேக்கலைங்க” என்று அவர் சொன்னால் இவர் இழுத்து இறக்குகிறார். ஆதார் முகத்தோடு ஒத்துப் பார்க்க இன்னொரு முறை. காய்ச்சல் இருக்கிறதா என்று சோதிக்க நிறுத்திய இடத்தில், நூறு பேர் வாயைத் திறந்து, உரத்த குரலில், ஒருவர் முகத்துக்கு எதிரே ஒருவர். எந்த எல்லையிலும் மோசமான இடம் இந்த வரிசைதான். விமானத்திலும் அப்படியே. பறக்கும்போது கேபின் காற்று ஹெப்பா ஃபில்டர் வழியாக மணிக்கு இருபது, முப்பது தடவை மாறுகிறது. ஏரோபிரிட்ஜிலும், தரையில் ஓடும் பஸ்ஸிலும், தரை இறங்கியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும் அந்தப் பத்து நிமிடத்திலும் அந்த வசதி கிடையாது. நாம் அப்போதுதான் மாஸ்க்கைக் கழற்றி, “இறங்கிட்டோம்” என்று போனில் சொல்கிறோம்.

என்95ஐ சோப்புத் தூளில் அலசிக் கொடியில் காயப்போடுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதன் நடு அடுக்கில் மின்னேற்றம் ஏற்றிய இழை இருக்கிறது. நுண்துகளைப் பிடித்து இழுப்பது அதுதான். சோப்பு பட்டால் அந்தச் சக்தி போய்விடும். பார்வைக்கு மட்டும் பளிச்சென்று இருக்கும். வால்வு வைத்தது வாங்காதீர்கள். அது நீங்கள் விடும் மூச்சை வடிகட்டாமலே வெளியே தள்ளும். நம் மத்திய சுகாதாரத்துறையே 2020 ஜூலையில் வேண்டாமென்று மாநிலங்களுக்கு எழுதியது. காதில் மாட்டும் ரகத்தில் அமெரிக்க ஒப்புதல் பெற்ற என்95 என்று அச்சிட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். அந்த ஒப்புதல் பெற்றவை தலையைச் சுற்றிப் போடும் பட்டையோடுதான் வரும். மூக்குக் கம்பியை அழுத்திவிட்டு மூச்சு விடும்போது கண்ணாடியில் ஆவி படிந்தால், மேலே இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். துணி மாஸ்க்கை நம்பி ஐரோப்பா கிளம்பியவர்கள் வேறு விதமாக மாட்டினார்கள்: லுஃப்தான்சா 2021 பிப்ரவரி 1 முதல் மருத்துவ ரக மாஸ்க் இல்லாமல் ஏற்றவில்லை. பட்டுப்புடவைக்கு மேட்சாகத் தைத்தது கல்யாண ஆல்பத்துக்கு ஆகும்.

மாஸ்க் இப்போது யாரும் கேட்பதில்லை. ஆனால் எல்லையில் ஊசிக் கணக்குக் கேட்பது நின்றுவிடவில்லை, கோவிட் வருவதற்கு முன்பே இருந்தது அது. கென்யா, உகாண்டா, நைஜீரியா, எத்தியோப்பியா போய்த் திரும்புகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இல்லாமல் சென்னையில் இறங்கினால் 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம். மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் இல்லை, பரப்பும் கொசு மட்டும் ஏராளம். அதனால் இங்கே இந்த விஷயத்தில் தயவு தாட்சண்யம் கிடையாது. கொரோனா காலத்தில் பார்த்த அதே கணக்கு இதிலும் இருக்கிறது: ஊசி போட்ட நாளில் அட்டை செல்லாது, பத்து நாள் கழித்துத்தான் செல்லும். வெள்ளிக்கிழமை விமானத்துக்கு வியாழக்கிழமை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வாசலில் போய் நின்று பிரயோஜனம் இல்லை. ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும் என்று 2016 ஜூலையில் மாற்றியிருக்கிறார்கள். ஆகவே பழைய அட்டையைத் தேடுங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடிஸ் அபாபாவில் விமானம் மட்டும் மாறுகிறவர்கள் விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் இருந்தால் விலக்கு உண்டு, அதுவும் இங்கே உள்ள சுகாதார அதிகாரி ஏற்றுக்கொண்டால். அட்டையில் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்கிறதா என்று, ஊசி போட்ட இடத்தை விட்டு நகரும் முன், எழுத்து எழுத்தாகப் படியுங்கள். இனிஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பது உட்பட.

அம்மாவின் இரண்டாவது ரிப்போர்ட் மறுநாள் ராத்திரி போனுக்கு வந்தது. நெகட்டிவ். வயசு அறுபத்து மூணு, சரியாக இருந்தது. பெயரில் ஒரு எழுத்தைக் காணோம்.