கொறங்காட்டில் புல் ஏன் குறைகிறது?

காங்கேயம் பக்கத்து வாசகர் ஒருவர், ‘கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் குறைந்துவிட்டது, புது விதை விதைக்கலாமா?’ என்று கேட்டிருக்கிறார். விதைக்கலாம், ஆனால் முதலில் மேய்ச்சலைக் கவனியுங்கள்.

மழை குறைந்த அந்தச் சரளை மண்ணுக்கு, அங்கங்கே வெள்வேல மரமும் அடியில் புல்லும்தான் ஏற்றவை. கோடையில் கொழுக்கட்டைப் புல் காய்ந்தாலும் தூர் சாகாது. மழை பெய்ததும் துளிர்க்கும். துளிர்த்த உடனே ஆட்டை விட்டுக்கொண்டே இருந்தால் வேரிலுள்ள சேமிப்பு தீர்ந்து தூரே செத்துப்போகும். கதிர் முற்றி விதை உதிராவிட்டால் புது நாற்றும் வராது. காலியான இடத்தை ஆடு தொடாத களை பிடித்துக்கொள்ளும்.

கிளுவை வேலிக்குள் ஒரு பகுதியையாவது, ஐப்பசி மழைக்குப் பின் விதை உதிரும்வரை அடைத்து வையுங்கள். மரத்தை நெருக்கி நடவேண்டாம், நிழலில் இந்தப் புல் மெலியும். இருக்கும் வெள்வேலத்தை வெட்டவும் வேண்டாம். கோடையில் அதன் காய்தான் ஆட்டுக்குத் தீவனம்.