கட்டம் நிரம்பினால் போதுமா?

தோட்டத்துக் கிராணியார் எழுதிய செக்ரோல் புத்தகத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். பெயருக்கு ஒரு கட்டம், வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். கட்டத்தில் பதிந்தால்தான் கணக்கு. கணக்கில் இருந்தால்தான் சம்பளம். இன்று இவ்வாறு கட்டம் நிரப்பும் வேலைக்குக் கணினியில் இயங்கும் மொழி மாதிரிகள் வந்துள்ளன. அவை எப்படி நிரப்புகின்றன என்று பார்ப்போம்.

மொழி மாதிரி என்பது ஏராளமான எழுத்துகளைப் படித்துப் பழகிய நிரல். இதுவரை வந்த சொற்களைக் கொண்டு, அடுத்து வரத்தக்க சொல்துண்டைக் கணித்து, ஒவ்வொன்றாக எழுதிச் செல்லும். கடிதம் எழுத இது போதும். ஆனால் அலுவலகக் கணினிக்குப் பெயர், முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவை தனித்தனியே வேண்டும். ஒரு குறி பிசகினாலும் அது ஏற்காது.

ஆகவே படிவத்தின் அமைப்பை முன்பே வரையறுத்துக் கொடுக்கிறார்கள். ஜேசன் என்னும் எழுத்துமுறை இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. மாதிரி அடுத்த துண்டைத் தேர்ந்தெடுக்கும்போது, அமைப்புக்குப் பொருந்தாதவை எல்லாம் தடுக்கப்படுகின்றன. எண் வரவேண்டிய இடத்தில் எழுத்து வராது. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2024 ஆகஸ்டில் இந்த வசதியைத் தன் சேவையில் சேர்த்தது.

இதன் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு. பினாங்கில், நாகூர் தர்கா இருக்கும் சூலியா தெருவை நாம் அறிவோம். மலாய் மொழியில் அதன் பெயர் லெபோ சூலியா. ஒருவர் 'சூலியா தெரு' என்று தமிழில் எழுதினாலும், பட்டியலிலுள்ள 'லெபோ சூலியா'வை மாதிரி பொருத்திவிடக்கூடும். ஆனால் அந்தத் தெரு பட்டியலிலேயே இல்லையென்றால்? 'மற்றவை' என்ற கட்டமும் இல்லையென்றால், வேறொரு தெருவை அது எடுத்தே தீரவேண்டும். சும்மா இருக்க அதற்கு வழி விடவில்லை.

நம் பெயர்களுக்கும் இதே சங்கடம் உண்டு. முனியாண்டி மகன் சுப்பையா என்று வைத்துக்கொள்வோம். அடையாள அட்டையில் 'மகன்' என்பதற்கு 'அனாக் லெலாக்கி' என்பதன் சுருக்கம் இருக்கும். முனியாண்டி என்பது தகப்பனார் பெயர். குடும்பப் பெயர் அன்று. படிவமோ குடும்பப் பெயர் கட்டாயம் என்றால், தகப்பனார் பெயரே அங்கே போய் உட்காரும்.

அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம், பினாங்குக்கு 07. பழைய தாளில் ஓர் இலக்கம் அழிந்திருக்கிறது. 12 இலக்கம் வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், மாதிரி ஒன்றை ஊகித்துப் போட்டுவிடும். எண்ணிப் பார்த்தால் 12 சரியாக இருக்கும். ஆனால் அது வேறொருவருடைய எண்ணாகிவிடலாம். அமைப்பு சரியாக இருப்பது வேறு, செய்தி உண்மையாக இருப்பது வேறு.

இதற்கு மாற்று உண்டு. தெரியாத கட்டத்தை வெறுமையாக விடப் படிவமே அனுமதிக்க வேண்டும். மூலத் தாளையும் நிரப்பிய படிவத்தையும் மனிதர் ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நாமும், சேமநிதிக்கோ பிள்ளையின் பள்ளிக்கோ எந்தப் படிவமானாலும், பெயரையும் எண்ணையும் எழுத்தெழுத்தாகப் படித்துக் கேட்ட பிறகே கையெழுத்திட வேண்டும். வெறுமையான கட்டத்தைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். தவறாக நிரம்பிய கட்டம் நம் கண்ணில் படுவதே அரிது.